மேடை சுமந்த பெட்டி

கல்லூரியில் சேர ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். சிலருக்கு வேலை. சிலருக்குப் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து. பலருக்கு, பகல் முழுவதும் அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்க முடியாத சங்கடம். பட்டாளம் என்று மாணவர்கள் பெயர் வைத்த மனிதன், முப்பதைத் தாண்டிய வயதில், மடக்க முடியாத இடது முழங்காலோடு, வரலாறு இரண்டாம் ஆண்டு வகுப்பில் மறுபடி வந்து உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான். கல்லூரி முதல்வரின் தலையில் ஒரு தகரப் பெட்டியை ஏற்ற வேண்டும். ஊர் பார்க்க அவரை நடத்திப் போக வேண்டும். ஒரு தாயின் வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கல்வியின் நோக்கம் என்ன என்று அறிஞர்கள் காலங்காலமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு தெளிவான நோக்கத்தோடு இன்னொரு மாணவன் அந்தக் கல்லூரியில் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

பெட்டி அவனுடைய கூட்டாளியுடையது. சாக்பீஸ் தூள் பட்டாலே மூக்கு பொங்கிவிடும் என்பதால் அந்தக் கூட்டாளிக்குத் தும்மல் என்று பெயர். இருவரும் அதே கல்லூரியில், அதே வகுப்பில், கடைசிக்கு முந்தின பெஞ்சில் படித்தவர்கள். இன்றைய முதல்வர் அன்று வரலாற்றுப் பேராசிரியர். கையில் மைக்கும் எதிரில் கூட்டமும் கிடைத்துவிட்டால் சோறு தண்ணீர் வேண்டாத பிறவி. மாணவர்கள் அவருக்கு மேடை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் வகுப்பில் ஒரு சாம்ராஜ்யத்தைக் குரல் தழுதழுக்கச் சரிய வைக்கும் நேரம் பார்த்துத் தும்மல் தும்மிவிடுவான். சாம்ராஜ்யம் அந்தரத்தில் நிற்கும். தும்மல் வெளியே நிற்பான்.

எல்லையில் சண்டை மூண்டபோது நாடெங்கும் பேச்சாளர்களுக்கு நல்ல விளைச்சல். மேடை கல்லூரி அரங்கில் ஏறி, "வயசு மட்டும் ஒத்துழைச்சிருந்தா இந்நேரம் நான் உங்களுக்கு முன்னாடி போயிருப்பேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். அவர் வயது அப்போது நன்றாகவே ஒத்துழைத்துக்கொண்டிருந்தது. முடி கறுப்பு, பல் சொந்தம், டென்னிஸ் வேறு ஆடுவார். பேச்சு முடிந்த கையோடு, சூடு ஆறுவதற்குள், கல்லூரி வேனிலேயே மாணவர்களை ஆள்சேர்ப்பு முகாமுக்கு ஏற்றிப் போனார். அங்கே ஒவ்வொரு பையனையும் காட்டி, கூட்டி வந்தது யார் என்று கேட்டார்கள். "நான்தான். இவனுக்கும் நான்தான். அவனுக்கும் நான்தான்" என்று மேடை முகம் மலரச் சொல்லிக்கொண்டே போனார். போட்டோ எடுத்தார்கள். திரும்பி வரும்போது வேனில் இடம் தாராளமாக இருந்ததால் சார் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தார் என்று வேன் டிரைவர் பின்னாளில் சொன்னார்.

கூட்டி வந்தது யார் என்று அவர்கள் சும்மா கேட்கவில்லை. அந்தப் படைப்பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் விழுந்துவிட்டால், அவனைப் படைக்குக் கூட்டி வந்தவன் எவனோ அவன்தான் இறந்தவனின் துணிமணி வைத்த பெட்டியைத் தலையில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் கீழே இறக்கக் கூடாது, கைமாற்றக் கூடாது. வாசலில் நின்று, "நான்தான் கூட்டிட்டுப் போனேன். இவ்வளவுதான் திரும்பி வந்துது" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. தம்பியைக் கூட்டி வந்த அண்ணன்கள் சுமந்திருக்கிறார்கள். மருமகனைக் கூட்டி வந்த மாமனார் ஒருவர் சுமந்து போய், சொந்த மகளின் வாசலில் நின்றிருக்கிறார்.

மேடை கூட்டி வந்த பையன்கள் விழ ஆரம்பித்தபோது பெட்டிகள் முறைப்படி கல்லூரிக்கே அவர் பார்வைக்கு வந்தன. அவர் அவற்றைப் பார்வையிட்டார். பிறகு வேன் டிரைவரிடம், "அந்தந்த வீட்ல போட்டுட்டு வந்துடுப்பா" என்றார். டிரைவர் போட்டுவிட்டு வந்தார்.

விட்டு விட்டுப் பத்து வருஷம் இழுத்த சண்டையின் கடைசியில் தும்மல் ஒரு குன்றின் சரிவில் விழுந்தான். எந்தக் குன்றுக்காக விழுந்தானோ அதை அடுத்த பேச்சுவார்த்தையில், தேநீர் இடைவேளைக்கு முன்பே, எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள். பட்டாளத்துக்கு முழங்கால் போனதும் அங்கேதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து அவன் யாரையெல்லாம் வெறுப்பது என்று யோசித்தான். எதிரியை வெறுக்க முடியவில்லை. அவனையும் யாரோ வேனில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள். தளபதிகளை வெறுக்கலாம் என்றால் முகம் தெரியாது. முகம், குரல், டென்னிஸ் மட்டை எல்லாம் தெரிந்த ஆள் ஒருவர்தான். தும்மலின் பெட்டியை வேன் டிரைவருக்கு விடாமல் தானே வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான்.

அக்கா வீட்டு முன்னறையில் இறங்கினான். படிப்பை முடிக்கப் போகிறேன் என்றதும் அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த வயசுல காலேஜா? கூடப் படிக்கிறதுங்க உன்ன மாமான்னு கூப்பிடும்டா."

"கூப்பிடட்டும்."

அக்காவின் கணவர் பேப்பரை விலக்காமலே, "விடு, படிக்கட்டும். டிகிரி வாங்குற அன்னிக்கே ரிட்டயர் ஆகிடலாம். ரெண்டு பார்ட்டி ஒரே செலவுல முடிஞ்சுடும்" என்றார்.

போருக்குப் போனவர்களுக்கு விட்ட வகுப்பிலேயே இடம் உண்டு என்று விதி இருந்தது. விடுதியில் மேல்மாடிக் கோடி அறை கிடைத்தது. கூரை ஒழுகும் அறை என்பதால் அதற்குப் போட்டி இல்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். வகுப்பில் அவனுடைய நீட்டிய கால் நடைபாதையை மறித்தது. பாடம் நடத்தியவர் அவனுக்கு ஜூனியராக இருந்த பையன். இப்போது தொப்பையும் தொண்டைக் கனைப்புமாக விரிவுரையாளர். அந்தச் சண்டை பற்றிய அத்தியாயம் வந்ததும் அவர் பட்டாளத்தின் காலைப் பார்த்தார், பாடப்புத்தகத்தைப் பார்த்தார், "இது பரீட்சைக்கு வராது" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

தும்மலின் அம்மா அதே ஊரில்தான் இருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, அதன் பின்புறத்திலேயே வீடு. படிக்கிற காலத்தில் அவள் கையால் பட்டாளம் சாப்பிடாத வாரம் கிடையாது. ஆனால் இப்போது அந்தப் பக்கமே போகவில்லை. ஆஸ்பத்திரி வழியாகப் போகும் பஸ்ஸில்கூட ஏறவில்லை. போனால் கையை வீசிக்கொண்டா போவது? பெட்டி போகும்போது போவோம், அதுவும் சரியான தலையில் ஏறிப் போகும்போது போவோம் என்று கறுவிக்கொண்டிருந்தான். சந்தர்ப்பம் வரவில்லை. மழைக்காலம் வந்தது. சொட்டச் சொட்ட அதுவும் முடிந்தது.

அப்போதுதான் மேடை ஒரு சுற்றறிக்கை விட்டார். எல்லையில் மறுபடி புகைகிறதாம். மாணவர்கள் எல்லோரும் காலையில் மைதானத்தில் இராணுவப் பயிற்சிக்கு வர வேண்டும், வராதவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. கல்லூரி கொதித்துப்போனது. மறுநாளே மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து முன்வாசல் கேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவி பொருளாதார மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி. மைக் இல்லாமலே மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும் குரல் என்பதால் மைக் என்றே பெயர்.

போராட்டக்காரர்களுக்குப் பட்டாளத்தைக் கண்டால் ஆகாது. பழைய இராணுவச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தவனை மைக் வழிமறித்தாள்.

"பட்டாளத்தாரே, உங்கள யாரு அனுப்பினது? மேடையா, மேலிடமா?"

"பசி. கேன்டீனுக்குப் போறேன்."

"எங்களுக்கு டிரில் சொல்லிக் குடுக்கத்தான் உங்களச் சேத்திருக்காங்கன்னு பேசிக்கிறாங்க."

"என் கால பாத்துட்டுமா பேசிக்கிறாங்க? நான் லெஃப்ட் ரைட்டுன்னா, பாதிதான் உண்மையா இருக்கும்."

உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள். மைக் சிரிக்கவில்லை. தலைவர்கள் சிரிப்பதற்குச் செயற்குழு கூட வேண்டும்.

"நீங்க எந்தப் பக்கம்? அத மட்டும் சொல்லுங்க."

"மேடைக்கு எதிர்ப் பக்கம்."

"நாங்களும்தான்."

"இல்ல. நீங்க சுற்றறிக்கைக்கு எதிர்ப் பக்கம். அத வாபஸ் வாங்கிட்டா எழுந்து கிளாஸுக்குப் போயிடுவீங்க. நான் போக மாட்டேன்."

அவள் பக்கத்தில் இருந்தவனைத் தள்ளி உட்காரச் சொல்லி, கால் நீட்ட இடம் கொடுத்தாள். பட்டாளம் பெட்டியின் கதையைச் சொன்னது அங்கேதான். கேன்டீன் மூடிவிட்டது.

மறுநாள் முதல்வர் அறையிலிருந்து ஆள் வந்தது. மேடையின் அறை விசாலமானது. சுவர் முழுக்க மேடைகளில் மேடை நிற்கும் படங்கள். ஜன்னல் திரை போராட்டக்காரர்கள் தெரியாத அளவுக்கு மட்டும் இழுத்துவிடப்பட்டிருந்தது. அவர் எழுந்து வந்து பட்டாளத்தின் தோளைத் தொட்டார்.

"தம்பி, உன்னப் பாத்தாலே நெஞ்சு நிறையுது. இந்தக் காலேஜ் பெத்த வீரன் நீ."

"நான் மட்டும் இல்ல சார். என்கூட ஒருத்தன் வந்தானே, ஞாபகம் இருக்கா? உங்க வகுப்புல தும்மிக்கிட்டே இருப்பான்."

"ஏன் இல்லாம? தங்கமான பையன். இப்ப எங்க இருக்கான்?"

பட்டாளம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "என் கட்டிலுக்கு அடியில இருக்கான் சார். விடுதியில. வந்த நாள்லேர்ந்து அங்கதான் இருக்கான். பெட்டிதான் இருக்கு."

மேடை கண்ணை மூடித் தலையைக் குனிந்தார். துக்கத்துக்குத் தேவையான நேரம் எவ்வளவு என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். அது ஆனதும் கண்ணைத் திறந்தார்.

"அவன் ஆத்மாவுக்காகவாவது நீ இந்தப் பயிற்சிய எடுத்து நடத்தணும். நீ மைதானத்துல நின்னா பசங்க தானா வருவாங்க. கட்டாயப்படுத்துறோம்ங்கிற பேச்சே இருக்காது."

"நடத்தறேன் சார். ஆனா எங்க பட்டாளத்துல ஒரு மொறை இருக்கு. சேர வேண்டிய பெட்டி சேராம இருக்கும்போது நான் மைதானத்துல காலு வைக்கக் கூடாது. கூட்டிட்டுப் போனவர்தான் அதச் சுமந்து கொண்டுபோய்ச் சேக்கணும்."

"கூட்டிட்டுப் போனது யாரு?"

"நீங்கதான் சார்."

மேடையின் முகத்தில் ஒரு நிழல் ஓடியது. அது மறைவதற்குள் வேறொன்று அங்கே உதித்தது. தலையில் பெட்டி, பின்னால் கல்லூரிக் கட்டிடம், எதிரே கேமராக்கள்.

"எவ்வளவு தூரம்?"

"பக்கம்தான் சார்."

"பத்திரிகைக்காரங்களக் கூப்பிடலாம் இல்ல?"

"அவங்க இல்லாம எப்படி சார்."

மேடை கணக்குப் போட்டது இப்படி: படியிலிருந்து கேட் வரைக்கும் சுமப்பது, அங்கே பின்னால் வரும் காரில் பெட்டியோடு ஏறிக்கொள்வது, தெருமுனையில் இறங்கி மறுபடி சுமப்பது. போர் தெரியாதவர்கள் போடும் போர்த்திட்டம் எப்போதும் இந்த வகையில்தான் இருக்கும்.

அன்று மாலை விடுதி அறையில் மைக்கும் கூட்டமும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். பூட்டு துருப்பிடித்திருந்தது.

"ரெண்டு செங்கல் உள்ள போட்டுடலாமா அண்ணா?" என்று ஆசையோடு கேட்டாள் மைக்.

"வேணாம். அவன் பெட்டி அது. அதுல பொய்க்கனம் இருக்கக் கூடாது."

"ஒரு செங்கல்?"

"நீ காலேஜ் கேட்டை மட்டும் பாத்துக்கோ. ஒரு ஆளு, தலையில ஒரு பெட்டி. அதுக்கு மேல அகலம் திறக்கக் கூடாது. காரு உள்ளயே இருக்கட்டும். யாரும் கோஷம் போடாதீங்க. கோஷம் போட்டா அவரு பதில் பேச ஆரம்பிச்சுடுவாரு."

குறித்த காலையில் மேடை வெள்ளைச் சட்டையில் படியேறினார். சுமப்பதற்கு முன் சில வார்த்தைகள் பேசுவதாகச் சொன்னார். அவரைத் தெரிந்தவர்கள் வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். கேமராக்களைப் பார்த்ததும் நாக்கு கடிவாளத்தை உதறிவிட்டது. "கூட்டிக்கொண்டு போனவனின் கடமை இது. என் கல்லூரி ஈன்ற ஒவ்வொரு தியாகியின் பெட்டியையும் சுமக்க இந்தத் தலை காத்திருக்கிறது" என்றார். நிருபர்கள் குறித்துக்கொண்டார்கள். பட்டாளம் ஒரு துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டி அவர் தலையில் வைத்தான். பெட்டியைத் தூக்கி ஏற்றினான். ஏற்றும்போது அவன் கை அவசரப்படவில்லை. இந்த ஒரு காட்சிக்காக எத்தனையோ நாள் கட்டிலில் புரண்டவன், அதைப் பருக்கை பருக்கையாகச் சாப்பிட விரும்பினான்.

கேட் வரை எல்லாம் திட்டப்படி நடந்தது. கேட் ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்தது. மேடை வெளியே போனார். பட்டாளம் போனான். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது. கேட்டில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் டிரைவரை அன்போடு பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"தம்பி, காரு?"

"வரும் சார். நடந்துக்கிட்டே இருப்போம். இறக்கக் கூடாது, அதான் மொறை."

"வீடு எங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி."

மேடை நின்றார். கல்லூரி ஊரின் ஒரு கோடி, ஆஸ்பத்திரி மறுகோடி. நடுவில் கடைத்தெரு, ஒரு மேடு, ரயில்வே கேட். புகைப்படக்காரர்கள் முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, "சார், முகத்தக் கொஞ்சம் நிமித்துங்க" என்றார்கள். நிமிர்த்தினால் பெட்டி பின்னால் சரிந்தது. அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கையை ஆட்டாமல் ஒரு சொல்கூடப் பேசிப் பழகாத மனிதர் அவர். கைகள் மேலே மாட்டிக்கொண்டதும் வாய் தானாக அடங்கிவிட்டது. பேச்சில்லாத மேடையை ஊர் முதன்முதலாகப் பார்த்தது.

கடைத்தெருவில் ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். சலூன்காரர் பாதிச் சவரத்தில் ஆளை விட்டுவிட்டுக் கத்தியோடு வந்து நின்று, "என்ன சார், வீடு மாத்தறீங்களா? வண்டி கெடைக்கலையா?" என்று அக்கறையோடு விசாரித்தார். மேட்டில் ஏறும்போது மேடையின் செருப்பு ஒன்று கழன்றது. குனிய முடியாது. பட்டாளம் அதை எடுத்து, துடைத்து, தன் கையிலேயே மரியாதையாக வைத்துக்கொண்டான். திருப்பிப் போட்டுவிடவில்லை. ரயில்வே கேட் சாத்தியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று, நிலையத்தில் யாரிடமோ கோபித்துக்கொண்டது போல, நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. மேடை பெட்டியோடு நின்றார். வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியது.

"ஒரு நிமிஷம்... இறக்கி வச்சா... யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் சார்."

காரை மறிக்கச் சிலரைக் கல்லூரிக் கேட்டில் விட்டுவிட்டு, மற்ற மாணவர்கள் பின்னால் ஒரு சத்தமும் இல்லாமல் வந்து நின்றார்கள். மைக் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். இல்லாவிட்டால் அது சொன்னபடி கேட்காது என்று அவளுக்குத் தெரியும்.

சலவைக்கூடத்தின் பின்புறம் நீராவி வாசல் வரை வந்து கலைந்துகொண்டிருந்தது. கொடிகளில் ஆஸ்பத்திரிப் போர்வைகள். அவற்றை விலக்கிக்கொண்டு தும்மலின் அம்மா வந்தாள். சோப்பில் ஊறி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. முதலில் பெட்டியைப் பார்த்தாள். மூடியில் மகன் ஆணியால் கீறி வைத்திருந்த அடையாளத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் பெட்டிக்குக் கீழே இருந்த ஆளைப் பார்த்தாள்.

"இவரு யாரு?"

"அம்மா," மேடைக்கு மூச்சு வாங்கியது, "உங்கள் மகன் இந்த மண்ணின்..."

"அதெல்லாம் இருக்கட்டும். என்ன சொல்ல வந்தீங்களோ அதச் சொல்லுங்க."

பட்டாளம் பக்கத்தில் நின்று தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுத்தான். மேடை அவனைப் பார்த்தார், கேமராக்களைப் பார்த்தார், கழுத்து நரம்பு புடைக்க, ஒரு சிறுவன் பாடம் ஒப்பிப்பது போன்ற குரலில் சொன்னார்:

"நான்தான் கூட்டிட்டுப் போனேன். இவ்வளவுதான் திரும்பி வந்துது."

அவ்வளவுதான். அவன் கேட்க விரும்பியதைக் கேட்டாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வளர்த்து வந்த பழி வயிறு நிறையச் சாப்பிட்டு ஏப்பம் விட்டது. பெட்டியை இறக்கினார்கள். அம்மா வாசலிலேயே உட்கார்ந்து துருப்பிடித்த பூட்டைக் கல்லால் தட்டித் திறந்தாள். மேலே இருந்த சட்டையை எடுத்து முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். எடுத்துப் பார்த்தாள். சட்டை முழுக்கக் கரும்புள்ளி.

"இதுல பூஞ்சை நாத்தம்தான் வருது. அவன் வாசனையே இல்லையே. இது எப்ப வந்துது?"

பட்டாளம் வாயைத் திறந்தான். ஆனால் ஒரு பேச்சாளருக்குச் சந்தர்ப்பம் எங்கே திரும்புகிறது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. மேடை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மிக மென்மையாக, வருத்தம் தோய்ந்த குரலில் சொன்னார்:

"விடுதியிலதான்மா இருந்துது. தம்பியோட கட்டிலுக்கு அடியில. வந்ததுலேர்ந்து அங்கதான் இருக்குன்னு தம்பியே சொன்னார். அந்த அறை ஒழுகுற அறை. எனக்கு மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா..."

அவள் பட்டாளத்தைப் பார்த்தாள்.

"மழைக்காலம் பூரா நீ இந்த ஊர்லயா இருந்தே?"

"ஆமாம்மா."

"என் பிள்ளை பெட்டிய வச்சுக்கிட்டு?"

"அவரு தலையில ஏத்திக் கொண்டு வரணும்னுதாம்மா. அதான் மொறை. அவரு வாயால சொல்லணும்னு..."

"எனக்குப் பெட்டி வந்தா போதும்டா. யார் தலையில வந்தா எனக்கென்ன? தெரிஞ்சிருந்தா நானே வந்து தூக்கிட்டு வந்திருப்பேனே." சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "துணி பத்தி எனக்குத் தெரியாதா? காஞ்சு இருந்திருந்தா வாசனை நின்னிருக்கும். உன் வன்மத்துக்கு அது நனைஞ்சுபோச்சு."

பட்டாளத்துக்குக் குன்றுச் சரிவில்கூட ஒளிய ஒரு பாறை கிடைத்தது. இங்கே நாலாபக்கமும் போர்வைகள் வெள்ளையாகத் தொங்கின. மேடை பெருந்தன்மையோடு தலையசைத்து, கிளம்பலாம் என்பதுபோல் ஒரு காலில் மட்டும் செருப்போடு திரும்பினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் அம்மா. "மத்த பசங்க பெட்டியையும் நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்களா?"

மைக்குக்கு அதற்கு மேல் வாயைப் பொத்த முடியவில்லை. "வேன்ல போச்சும்மா. டிரைவர் கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்தாரு." கடைசிப் போர்வை வரை கேட்டது.

"அப்ப அது செல்லாது."

"அம்மா, அது நிர்வாக ரீதியான ஒரு ஏற்பாடு," என்று ஆரம்பித்தார் மேடை.

நிருபர் ஒருவர், பாவம், உதவி செய்வதாக நினைத்துத் தன் குறிப்பைப் படித்துக் காட்டினார்: "ஒவ்வொரு தியாகியின் பெட்டியையும் சுமக்க இந்தத் தலை காத்திருக்கிறதுன்னு காலையில சார் சொன்னாரும்மா."

"காத்திருக்குது இல்ல? அனுப்பி வைக்கச் சொல்றேன். அந்த வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் எனக்குத் தெரியும்." பட்டாளத்தின் பக்கம் திரும்பினாள். "நீயும் அவரு கூடப் போவே. ஒவ்வொரு வீட்லயும் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு நீ உக்காந்து சொல்லுவே. அவரு தூக்கட்டும், நீ சொல்லு. மொதல்ல உள்ள வா. எனக்குச் சொல்லு. இந்தச் சட்டை கையில ஏன் தையல் பிரிஞ்சிருக்கு?"

பட்டாளம் உள்ளே போனான். சலவைக்கூடத்தில் அவள் துவைக்க வேண்டிய துணிகள் ஊறின. அவள் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டாள், அவன் சொன்னான். பொய் சொன்ன இடங்களில் அவள் அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.

மறுநாள் பத்திரிகைகள் மேடையைக் கொண்டாடின. 'மாணவனின் சுமையைத் தலையில் ஏந்திய ஆசான்' என்று முன்பக்கத்தில் படம். வியர்வையைக் கண்ணீர் என்று எழுதியிருந்தார்கள். ஆசான் அதை வெட்டிச் சட்டம் போடக் கொடுத்தனுப்பினார். சட்டம் வருவதற்குள் பெட்டிகள் வந்துவிட்டன. தள்ளுவண்டியில் ஒன்று, சைக்கிள் கேரியரில் ஒன்று, ஒரு தாயும் மகளும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வந்தது ஒன்று. போர்ட்டிகோவில் அடுக்கிவிட்டு, "எங்க வீட்டுக்கு எப்ப வரீங்க சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். மறுத்தால் முன்பக்கத்தில் வாங்கிய பெயர் போய்விடும். வெளியூரிலிருந்துகூட எப்போது வருகிறார் என்று கேட்டு அனுப்பினார்கள். சேர வேண்டிய பெட்டி பாக்கி இருக்கும்வரை மைதானத்தில் கால் வைக்க மாட்டேன் என்று பட்டாளம் முன்பே சொல்லியிருந்ததால் பயிற்சி தள்ளிப்போனது. ஹால் டிக்கெட்டுகள் கொடுக்கப்பட்டன. மாணவர்கள் கேட்டைவிட்டு எழுந்து வகுப்புக்குப் போனார்கள். மைக் மட்டும் போர்ட்டிகோவைத் தினமும் எட்டிப் பார்த்தாள்.

மேடைக்குக் கழுத்தில் பட்டை வந்தது. பேச்சும் குறைந்தது. வாசலில் நின்று சொல்ல வேண்டியதை இப்போது எடுத்துக் கொடுக்காமலே சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி முடித்ததும் அவர் தெருவைப் பார்ப்பார். வாசலுக்குள் போய் உட்கார்ந்து பேசுவது பட்டாளத்தின் வேலை. அது பெட்டியைவிடக் கனமான வேலை என்பதை மேடை கவனித்திருந்தார். வீட்டுக்கு வீடு அவன் முகம் வெளிறுவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டே, ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் போல ஊர்த் தெருக்களை அளந்தார்கள்.

சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு தகப்பன், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கையோடு அவர்களை எதிர்கொண்டார். மேடை பெட்டியோடு நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னார். பெட்டி இறங்கியது. தகப்பன் பட்டாளத்துக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். மேடை கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு தெருப்பக்கம் திரும்பினார்.

"நீங்க எங்க போறீங்க?" என்றார் தகப்பன். டயர் மாட்டும் இரும்புக் கம்பியால் தரையில் கிடந்த பழைய டியூப் மூட்டை ஒன்றைக் காட்டினார். "கூட்டிட்டுப் போனது நீங்கதான. நீங்களும் உக்காந்து கேளுங்க."

மேடை பட்டாளத்தைப் பார்த்தார். பட்டாளம் நகர்ந்து, அவருக்குத் தன் முகம் நன்றாகத் தெரியும்படி ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். பிறகு, ஒன்றையும் விடாமல், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.